இந்த உளி எந்த மெசினுக்கு? கொக்குவிலின் கருவிப் பெட்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கைக்கு வந்த ஒரு பிற்றையோ உளியையோ பார்த்து, அது எந்த இயந்திரத்துக்கு உரியது என்று எப்படிச் சொல்வது? தச்சு, கொல்லு, மேசன் வேலை என்ற மூன்றுக்கும் பொதுவான இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு பதிலை வைத்திருந்தது. செய்தவரைக் கேட்டார்கள், முனையைப் பார்த்தார்கள், கம்பனிப் பெயரைத் தேடினார்கள், அளந்தார்கள், போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அது பிறந்த சூழலில் பெருமளவு சரியாகவே வேலை செய்தது. பல நாட்டுக் கருவிகள் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும் இடத்தில்தான் அவற்றின் குறைகள் வெளிப்படுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில், காங்கேசன்துறை வீதியோரம் வீடும் பட்டறையும் கடையும் நெருங்கியிருக்கும் கொக்குவில் அத்தகைய இடம். பிற்றின் அடித்தண்டு, அதாவது இயந்திரத்துக்குள் நுழையும் பகுதி, செய்யும் வேலைகளைப் பிரித்து வாசித்தால் மேற்சொன்ன முறைகளை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவரலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குடாநாட்டில் இக்கேள்வியின் கனம்

1990 இல் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணம், கிளிநொச்சிக்கும் சுன்னாகத்துக்கும் இடையிலான உயரழுத்தப் பாதை வந்த 2013 இலேயே மீண்டும் அதனுடன் இணைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பகுதி முற்றிலும் இருளில் கழிந்தது. பின்னைய பகுதியில் உள்ளூர் ஜெனரேற்றர்களே மின்சாரம் தந்தன. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சீமெந்தும் எரிபொருளும் பற்றறியும் கூடத் தடைப்பட்டிருந்தன. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990 இல் நின்றுபோனது. சுத்தியல் ட்றில்லின் அடித்தண்டு உலகெங்கும் மாறி நிலைபெற்ற காலமும் ஏறத்தாழ இதுவே. 1975 இல் ஜேர்மனியின் பொஷ் அறிமுகம் செய்த எஸ்.டி.எஸ். முறை அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் ஐரோப்பியக் கட்டட வேலைத்தளங்களில் வழமையாகியது. ஒரு தொழிற்தலைமுறை ஒரு மாற்றத்தைப் படிப்படியாகப் பழகிக்கொள்ளும் வாய்ப்பு இங்கே அறுந்துபோனது. அறிமுகமில்லாத அடித்தண்டுகளின் முன் இன்று எழும் தயக்கத்தைத் தொழிலாளரின் அறியாமை என்று எழுதிவிடுவது அநியாயம்.

போர் முடிந்த 2009 க்குப் பின் வீடு திருத்தும் வேலைகள் பெருகின. புதிய கருவிகள் கொழும்பு வழியாக வந்தன. புலம்பெயர்ந்த உறவினர் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் அனுப்பிய அல்லது கொண்டுவந்த பெட்டிகளிலும் கருவிகள் இருந்தன. ஜப்பானியப் பழைய கருவிகளும் இந்த வரவில் சேர்ந்தன. இவற்றின் மின்னழுத்தம் ஒன்றல்ல. கனடாவில் 120 வோல்ற், ஜப்பானில் 100 வோல்ற், பிரித்தானிய வேலைத்தளங்களில் மஞ்சள் நிற மின்மாற்றியோடு ஓடும் 110 வோல்ற். இலங்கையிலோ 230 வோல்ற். மாற்றி இல்லாமல் செருகிய மெசின் எரிந்துபோகும். அதனுடன் வந்த பிற்கள் மட்டும் எஞ்சும். மெசின் இல்லாத பிற்கள் ஒரு வீட்டில் சேர்வதற்கு இதுவே போதும்.

செய்தவரைக் கேட்ட காலம்

மின்சாரத்துக்கு முந்திய காலத்தில் இந்தக் கேள்வி அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. துறப்பணத்தின் அலகை அடித்துக் கொடுத்தவர் ஊர்க் கொல்லர். அது எந்தத் துறப்பணத்துக்கு என்பதும் அவருக்குத் தெரியும். பின்னர் வந்த கைத்துறப்பணங்களுக்கு, நுனி நோக்கிக் குறுகும் சதுர அடித்தண்டு பொதுவாயிற்று. அதைக் கண்டால் இன்றும் ஐயம் வேண்டியதில்லை. அது கையால் சுற்றும் கருவிக்கானது. அடியையோ வேகத்தையோ தாங்குவதற்கானது அன்று.

மின்கருவி வந்ததும் செய்தவரும் பயன்படுத்துபவரும் பிரிந்தார்கள். 1895 இல் ஸ்ருட்கார்ட் நகரின் ஃபைன் நிறுவனம் கையில் பிடிக்கும் மின் ட்றில்லை உருவாக்கியது. 1902 இல் ஆர்தர் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர் மூன்று தாடைச் சக்குக்குக் காப்புரிமை பெற்றார். அந்தச் சக் எல்லா வட்டத் தண்டுகளையும் பிடித்தது. எனவே எந்தப் பிற் எந்த மெசினுக்கு என்ற கேள்வி சில காலம் அடங்கிப்போனது. சக்கின் வாய்க்குள் நுழைந்தால் போதும். 10 மி.மீ. சக்கா, 13 மி.மீ. சக்கா என்பது மட்டுமே வேறுபாடு. இன்று பலரிடமும் இருக்கும் ‘நுழைந்தால் சரி’ என்ற நம்பிக்கைக்கு அக்காலமே ஊற்று. கொங்கிறீற் வந்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது.

முனையைப் பார்ப்போர்

மிக இயல்பான முறை முனையைப் பார்ப்பது. நுனியில் கடின உலோகத் தகடு பதித்திருந்தால் சுவருக்கு, முறுக்குத் தவாளிப்பு மட்டும் என்றால் இரும்புக்கு, நடுவில் கூர்முள் இருந்தால் மரத்துக்கு, தட்டையான உளி வாய் என்றால் உடைப்பதற்கு. மேசன்மாரும் தச்சரும் இப்படித்தான் முதலில் பார்க்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. கருவி செய்ய வேண்டிய வேலையை முனை சொல்லிவிடுகிறது: சுழற்சி மட்டுமா, அடி மட்டுமா, இரண்டுமா என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட முழுப் பதிலும் அங்கே கிடைக்கும்.

ஆனால் எந்த மெசின் என்பதை அது சொல்லாது. ஒரே அகலமான தட்டை உளி, விரல் தடிப்புத் தண்டிலும் உண்டு, முப்பது மில்லிமீற்றர் அறுகோணத் தண்டிலும் உண்டு. தகடு பதித்த சுவர்ப் பிற் சாதாரண வட்டத் தண்டிலும் வருகிறது. அது சக் கொண்ட இம்பாக்ற் ட்றில்லுக்கானது. முனை ஏமாற்றுவதற்கு நல்ல சான்று மரவேலைக்கான துளையுளி. நான்கு விளிம்பும் கூராக்கிய, உள்ளே வெறுமையான சதுர உளி. அதன் வயிற்றுக்குள் ஒரு முறுக்குப் பிற். பனை மரத்திலோ வேம்பிலோ நிலைக்கதவுக்குச் சதுரத் துளையிட உதவும் இதை வெளித்தோற்றம் கண்டு சுத்தியல் மெசினுக்குரிய உளி என்று எண்ணுவது எளிது. உண்மையில் உளி அசையாது நிற்க, உள்ளிருக்கும் பிற் மட்டும் சுழல்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்கும் துளையுளி மெசின் அதற்குத் தேவை. அடிக்கும் மெசினில் இதைப் போட்டால் உளியும் போகும், மெசினும் போகும்.

பெயரைத் தேடுவோர்

கடைக்காரரும், ஓரளவு வாசிக்கத் தெரிந்த பயனரும் தேடுவது பெயர். பொஷ் என்று பொறித்திருந்தால் பொஷ் மெசினுக்கு, ஹில்ற்றி என்றால் ஹில்ற்றிக்கு. ஒரு நிறுவனம் தன் மெசினுக்கென்றே பிற் செய்து விற்ற காலத்தில் இது பொருந்தியது. எஸ்.டி.எஸ். வந்து பல நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்ட பின் பெயருக்கும் பொருத்தத்துக்கும் இடையிலான உறவு தளர்ந்தது. ஹில்ற்றி ‘டி.இ.-சி’ என்று அழைப்பது அதன் சிறிய வகையான எஸ்.டி.எஸ்.-பிளஸ்ஸையே, ‘டி.இ.-வை’ என்பது பெரிய வகையான எஸ்.டி.எஸ்.-மக்ஸ்ஸை. மறுபுறம், ஒரே நிறுவனத்துக்குள்ளும் அடித்தண்டு ஒன்றல்ல. பொஷ்ஷின் ஜி.எஸ்.எச். 16 என்ற பிறேக்கர் (உடைக்கும் மெசின்) வரிசையில் 28 மி.மீ. அறுகோணத்துக்கு ஒன்றும் 30 மி.மீ. அறுகோணத்துக்கு ஒன்றும் என இரண்டு உண்டு. மாதிரிப் பெயரின் கடைசி எண்ணே அதைக் காட்டும். ‘பொஷ் உளி’ என்று கேட்டு வாங்குபவர் அந்தக் கடைசி இரண்டு இலக்கங்களைச் சொல்லாவிட்டால் பாதித் தகவலோடுதான் கடைக்குப் போகிறார். இதற்கு மேல், சந்தையிலுள்ள உளிகளில் பெரும்பாலானவற்றில் பெயரே இல்லை. இருந்த பெயரும் கறளோடு அழிந்திருக்கும்.

அளப்போர்

தொழில்நுட்பப் பயிற்சி பெற்றவர்களின் பதில் அளவு. உயர்தரப் பௌதிகவியல் செய்முறையில் பழகிய வேணியர் இடுக்கிமானி இங்கே நேரடியாக உதவுகிறது. அளக்கத் தொடங்கினால் பெரும்பாலான அடித்தண்டுகள் சில வகுப்புகளுக்குள் அடங்கிவிடும். எஸ்.டி.எஸ்.-பிளஸ்ஸின் தண்டு விட்டம் 10 மி.மீ.; மெசினுக்குள் ஏறத்தாழ 40 மி.மீ. நுழையும். நுனிவரை திறந்த தவாளிப்பு இரண்டு, இரு முனையும் மூடியது இரண்டு. எஸ்.டி.எஸ்.-மக்ஸ் 18 மி.மீ.; நுழையும் நீளம் ஏறத்தாழ 90 மி.மீ.; திறந்தவை மூன்று, மூடியவை இரண்டு. இரண்டுக்கும் இடையில் 14 மி.மீ. தடிப்பில் எஸ்.டி.எஸ்.-ரொப் என்றொரு வகை குறுகிய காலம் புழங்கியது, இன்று அரிது. வட அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெட்டிகளில், 19 மி.மீ. தடிப்பில், பற்சக்கரம் போல நீளவாக்கில் 12 பற்கள் கொண்ட ஸ்பிளைன் தண்டைக் காணலாம். எஸ்.டி.எஸ்.-மக்ஸ் பரவியதும் அது பின்வாங்கியது.

அறுகோணத் தண்டுகள் வேறு குடும்பம். மகிட்டா, ஹிற்றாச்சி (2018 முதல் ஹைகோகி) ஆகியவற்றின் சிறிய பிறேக்கர்களில் 17 மி.மீ. பரவலானது, பெரியவற்றில் 30 மி.மீ. கொம்பிரசரில் ஓடும் காற்றுக் கருவிகளின் அறுகோணம் அங்குலக் கணக்கில் இருக்கும்: ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம் என்று. கல் துளைக்கும் ஜக் ஹமரின் கம்பிக்கு 22 மி.மீ. அறுகோணமும் 108 மி.மீ. நீளமும் உலகப் பொது அளவு. சுண்ணாம்புக் கல் அடித்தளத்தில் கிணறு வெட்டும் குடாநாட்டில் அது பழைய பட்டறைகளில் கிடைப்பது வியப்பில்லை. இதைவிட மெல்லிய 6.35 மி.மீ. அறுகோணம், கழுத்தில் ஒரு வளையத் தவாளிப்போடு இருந்தால், இம்பாக்ற் திருகிக்கானது.

இம்முறை வலிமையானது. அதனாலேயே அதன் பொறிகளையும் விரிவாகச் சொல்ல வேண்டும். அறுகோணத்தை எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையில் அளக்க வேண்டும். மூலையிலிருந்து மூலைக்கு அளந்தால் 28 மி.மீ. தண்டு 32.3 மி.மீ. என்று காட்டும். ஒன்றேகால் அங்குலம் என்பது 31.75 மி.மீ. ஆகையால், பொஷ் பிறேக்கரின் உளி காற்றுக் கருவியின் உளியாகப் பதிவாகிவிடும். அதேபோல 17 மி.மீ. அறுகோணம் மூலைவாக்கில் 19.6 ஆகி ஸ்பிளைனின் அளவை நெருங்கும். வட்டத் தண்டுகளில் இன்னொரு நெருக்கம் உண்டு. வாகனத் திருத்தகங்களில் தகடு வெட்டும் காற்றுச் சுத்தியலின் உளித்தண்டு 0.401 அங்குலம், அதாவது 10.2 மி.மீ.; எஸ்.டி.எஸ்.-பிளஸ்ஸோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கு. இலக்கத்தை மட்டும் நம்பினால் தவறுவது உறுதி. தவாளிப்பு இருக்கிறதா, கழுத்தில் புடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பவர் ஒரு நொடியில் பிரித்துவிடுவார். தேய்மானமும் அளவைக் கெடுக்கும்: அடிவாங்கிய கடைசி நுனி விரிந்து கூடுதலாகக் காட்டும், நடுப்பகுதி தேய்ந்து குறைவாகக் காட்டும்.

போட்டுப் பார்ப்போர்

வேலைத்தளத்தில் மிகுந்த செல்வாக்குள்ள முறை இதுதான்: மெசினுக்குள் தள்ளிப் பார், பூட்டிக்கொண்டால் சரி. நேரமில்லாத இடத்தில் பிறந்த இம்முறையைக் கேலிசெய்ய முடியாது. எஸ்.டி.எஸ். விடயத்தில் இது பெரும்பாலும் பலிக்கிறது. பிழையான தண்டு நுழையாது, அல்லது இழுத்தால் கையோடு வந்துவிடும். சக்கில்தான் இது தோற்கிறது. எஸ்.டி.எஸ்.-பிளஸ் தண்டை மூன்று தாடைச் சக்கில் போட்டு இறுக்கினால் அது நிற்கும், சுழலும், சில துளைகளும் விழும். ஆனால் தாடைகள் தவாளிப்புகளின் விளிம்பில் ஏறிப் பிடிப்பதால் பிற் மையம் விலகி ஆடும்; தாடையும் தேயும். அறுகோண உளிகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. குறுக்களவு சரியாக இருந்து, நுனியிலிருந்து கழுத்துப் புடைப்புவரை உள்ள நீளம் குறைந்தால், மெசினுள் அடிக்கும் உறுப்பு தண்டின் முனையை முழுமையாகச் சந்திக்காது. நீளம் கூடினால் அடியின் ஒரு பகுதியை மெசினின் மூக்கு வாங்கும். இரண்டிலும் உளி உள்ளே போயிருக்கும், பூட்டும் விழுந்திருக்கும்.

அடித்தண்டின் மூன்று வேலைகள்

இம்முறைகளைப் போட்டியாளர்களாக நிறுத்துவதைவிட, ஒவ்வொன்றும் எதற்குப் பதில் சொல்கிறது என்று கேட்பது பயனுள்ளது. அடித்தண்டுக்கு வேலை மூன்று: வெளியே பறந்துவிடாமல் பிடிபடுவது, சுழற்சியை ஏற்பது, அடியை ஏற்பது. மூன்று தாடைச் சக்கில் முதலிரண்டும் ஒரே உராய்வுப் பிடியால் நடக்கின்றன. அடி வந்தால் அந்தப் பிடி தளரும், அடியின் வலுவில் ஒரு பகுதியைச் சக்கின் கனமே விழுங்கும். பொஷ் 1932 இலேயே சுத்தியல் மெசினை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. ஹில்ற்றி 1967 இல் டி.இ. 17 ஐக் கொண்டுவந்தது. அடிக்கும் மெசின்கள் முன்னேறியபின் அவற்றுக்கேற்ற பிடி தேவைப்பட்டது, எஸ்.டி.எஸ். அதற்கு விடையாக மூன்று வேலைகளையும் பிரித்தது. மூடிய தவாளிப்பில் குண்டு விழுந்து பிற்றைப் பிடிக்கிறது. திறந்த தவாளிப்பில் மெசினின் நீள்மேடு நுழைந்து சுழற்றுகிறது. தட்டையான கடைசி முனை அடியை வாங்குகிறது. பிற் உள்ளே சிறிது முன்பின்னாக நகரக்கூடியதாக இருப்பது பழுதன்று. அடி முழுமையாகப் போவதற்காக அமைத்தது.

இந்தப் பிரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அந்நியத் தண்டைப் பார்த்தால் கேள்விகள் தாமாகவே வரிசைப்படுகின்றன. சுழற்றுவதற்கான அடையாளம் உண்டா? திறந்த தவாளிப்பு, ஸ்பிளைன் பல், சதுரம் என எதுவும் இல்லாத, புடைப்பு மட்டும் உள்ள வட்டத் தண்டு என்றால் அது அடிக்கு மட்டும் உரியது. பிடிப்பதற்கான அடையாளம் எது? அறுகோணத்தின் ஒரு பட்டையில் பிறைபோல வெட்டியிருந்தால் மெசினின் பூட்டுமுளை அங்கே விழும். சுற்றிவரப் புடைப்பு இருந்தால் மூக்கிலுள்ள கொண்டி அதைத் தாங்கும். அடிவாங்கும் முனை எப்படியிருக்கிறது? மொட்டையாகத் தேய்ந்து பளபளத்தால் அது அடிவாங்கிய உளி. கூம்பாகவோ சக்கின் மூன்று தழும்போடோ இருந்தால் சுழன்ற பிற். அளவு இதற்குப் பிறகு வருகிறது, ஏற்கெனவே சுருங்கிய தெரிவுகளுக்குள் ஒன்றைத் தேர்வதற்காக. முனை, வேலையை உறுதிசெய்கிறது. பெயர் கடைசிச் சான்று. போட்டுப் பார்ப்பது இவை எல்லாவற்றுக்கும் பின், மின்சாரம் இல்லாமல்.

ஆட்சேபங்கள்

அடப்ற்றர் இருக்கும்போது இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். எஸ்.டி.எஸ்.-மக்ஸ் மெசினில் எஸ்.டி.எஸ்.-பிளஸ் பிற்றைப் பூட்டும் இடைத்துண்டு கிடைப்பது உண்மை. ஆனால் சாதாரண எஸ்.டி.எஸ்.-பிளஸ் மெசினின் அடி ஏறத்தாழ 2 முதல் 4 ஜூல்; மக்ஸ் மெசின்கள் அதன் பல மடங்கு வலுவோடு அடிப்பவை; 28, 30 மி.மீ. அறுகோணப் பிறேக்கர்கள் 40 ஜூலையும் கடப்பவை. 10 மி.மீ. தண்டு அடியின் ஓர் எல்லையை மனத்தில் வைத்துச் செய்தது. இடைத்துண்டு வடிவத்தைப் பொருத்துகிறது, வலுவைப் பொருத்துவதில்லை. அதைப் போடுபவருக்கே தண்டு எதற்கானது என்ற அறிவு கூடுதலாகத் தேவை.

புதியது வாங்கிவிடலாம் என்பது இரண்டாவது ஆட்சேபம். மெல்லிய சுவர்ப் பிற் விடயத்தில் இதை ஏற்கலாம். விலை குறைவு, தேய்ந்த தகட்டைத் திரும்பப் பெறவும் முடியாது. கனமான பிறேக்கர் உளி அப்படியன்று. நல்ல உருக்கில் அடித்த அதைப் பலமுறை தீட்டலாம். அதை இரும்பு விலைக்குப் போடுவது குடும்ப வருமானத்தில் கை வைப்பது. மூன்றாவது, அனுபவமுள்ளவரின் கண்ணே போதும் என்பது. அக்கண்ணின் வேகத்துக்கு எந்த இடுக்கிமானியும் ஈடாகாது. ஆனாலும் அது கண்டு பழகியதைத்தான் காணும். ஸ்பிளைனையோ 14 மி.மீ. தண்டையோ ஒருபோதும் கண்டிராத கண், அதைத் தெரிந்த ஒன்றின் தேய்ந்த வடிவமாக எண்ணிவிடக்கூடும்.

பழைய கொக்குவில் வீடுகளின் சுண்ணாம்புக் கல் சுவரில் எந்த உளி சரி என்பது, பொருத்தம் கண்டபின் எழும் தனிக் கேள்வி. 30 மி.மீ. பிறேக்கர் அந்தச் சுவரை உடைக்கும். உடைக்க நினையாத பகுதியையும் சேர்த்து உடைக்கும்.

தீராதவை

மேற்சொன்ன வாசிப்பு, வடிவம் கெடாத தண்டுகளில் நம்பகமானது என்று சொல்லலாம். மூன்று இடங்களில் அது தடுமாறுகிறது. ஒன்று, சீனச் சந்தைக்கெனச் செய்த சில சுத்தியல் ட்றில்களின் சதுரத் தண்டு. குறுகாமல் நேராகச் செல்வதால் கைத்துறப்பண அலகிலிருந்து பிரித்தறியலாம். ஆனால் ஒரு மெசினின் சதுரம் இன்னொன்றில் அப்படியே பொருந்துமா என்பதை ஒவ்வொன்றாகச் சோதிக்கத்தான் வேண்டியிருக்கிறது. இரண்டு, 28 மி.மீ. அறுகோணமும் அங்குலப் பின்னங்களில் வரும் அயலவர்களும்; குறிப்பாக 28.6 மி.மீ. ஆகும் ஒன்று அரைக்கால் அங்குலம். புதிதில் இருக்கும் அரை மில்லிமீற்றர்ச் சொச்சம் வேறுபாட்டைச் சில ஆண்டுத் தேய்மானம் தின்றுவிடும். அங்கே கழுத்துப் புடைப்பின் நீளமே மிஞ்சிய சான்று.

மூன்றாவதைச் சொல்லுமுன் ஒரு யோசனை: 10, 14, 18 மி.மீ. வட்டத் துளைகளும் 17, 22, 28, 30 மி.மீ. அறுகோண வாய்களும் வெட்டிய ஒரு தடித்த இரும்புத் தகடு, பெரும்பாலான ஐயங்களை அளவுகோல் இல்லாமலே தீர்க்கும். பிறவுண் வீதியிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரி போன்ற ஒரு பயிற்சிப் பட்டறைக்கு அது ஓரிரு நாள் வேலை. வாடகைக்கு மெசின் கொடுக்கும் கடைகளில் அத்தகைய தகடு தொங்கினால், எந்தத் தண்டு எவ்வளவு வருகிறது என்ற உள்ளூர்ப் பதிவும் காலப்போக்கில் சேரும்; இன்றுவரை நம் கணிப்புகள் வெளிநாட்டுக் கற்றலோக்குகளையே சார்ந்திருக்கின்றன.

மூன்றாவது தடுமாற்றம் அந்தத் தகட்டுக்கும் அகப்படாதது. உடைந்த உளியைக் கொல்லுப் பட்டறையில் காய்ச்சி, புடைப்பை நகர்த்தி, வேறு மெசினுக்கு ஏற்ப அடித்தெடுத்த தண்டுகள் தடைக்காலத் தேவையின் பிள்ளைகளாக இன்னும் புழக்கத்தில் இருக்கக்கூடும். வடிவம் சரியாக வந்திருக்கும். சூட்டில் இழந்த கடினத்தை மறுபடி பெற்றதா என்பதைக் கண்ணாலும் இடுக்கிமானியாலும் அறிய இயலாது. அரத்தால் உரசிப் பார்த்தால் மேற்பரப்பைப் பற்றி ஓரளவு தெரியும். உள்ளே எப்படியென்று, அதை அடித்தவரைக் கேட்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி தென்படவில்லை.